தோற்கப் போகிறவருக்கு நன்கொடை

உங்கள் அலுவலகத்தில் ஒரு ஜன்னலாவது திறந்திருப்பது நல்லது, வக்கீலம்மா. ராயபுரத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வரும். எண்ணூரில் எங்கள் குடோனுக்கும் வரும். அங்கே காற்று வந்தால் பின்தெருக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

நான் தவசிமுத்து என்பது உங்களுக்குத் தெரியும். தேர்தலில் உங்களைத் தோற்கடித்தவன் நான்தான் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். நடுவில் பேச்சை நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு அப்படித்தான் பேச வரும்.

எங்களைப் போன்றவர்கள் ஜெயிக்கப் போகிறவருக்குத்தான் பணம் கொடுப்போம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொடுப்பது உண்மைதான். ஆனால் அங்கே வரிசையில் நிற்கிற நூறு பேரில் நாமும் ஒருவர், நம் முகம்கூட அவர்களுக்கு நினைவிருக்காது. தோற்கப் போகிறவருக்கு வேறு யாரும் கொடுப்பதில்லை. அதனால் அவர் முழுக்க நம்முடையவர். யானைக்கவுனியில் மொத்த வியாபாரம் செய்கிற என் கூட்டாளிகள் இரண்டு பேர் ஜெயவேலுக்காக என்னோடு சேர்ந்தார்கள். ஒருவர் பந்தயக் குதிரைமேல் கட்டுவதுபோல விளையாட்டாகக் கொடுத்தார். இன்னொருவருக்கு ஜெயவேலின் பேச்சு உண்மையிலேயே பிடித்திருந்தது. எனக்கு என் மகன் சுடலைராஜ்தான் காரணம்.

போன கார்த்திகையில் குடோனில் பழைய ரசாயன டிரம் ஒன்று கசிந்தது. பின்தெருவில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. அதில் ஒன்று கைக்குழந்தை. விபத்து என்று எழுதி மூடினார்கள். குடோன் உரிமம் என் மகன் பெயரில் இருக்கிறது. ஜெயித்தால் அந்த வழக்கைத் திறப்பேன் என்று நீங்கள் தெருத்தெருவாகச் சொன்னீர்கள். தாயில்லாமல் நான் வளர்த்த பிள்ளை அவன். அவன் சிறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

ஜெயவேல் மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு வேலையை விட்டவர். செல்போனில் பேசிப் போட்ட வீடியோக்களால் பேர் வாங்கினார். லாரிகளைக் கொளுத்த வேண்டும், வடக்கத்தித் தொழிலாளிகளை ரயிலேற்ற வேண்டும் என்று பேசுவார். அதற்காக அவர்மேல் வழக்குகளும் இருந்தன. உங்களுக்கு ஓட்டுப் போடக்கூடிய அதே தெருக்கள்தான் அவரை ரசித்தன. சுயேச்சையாக நின்ற அவர் ஜெயிக்க வழியே இல்லை. உங்கள் ஓட்டில் கொஞ்சம் அவர் எடுத்தால் எனக்குப் போதும்.

வேன், மைக், டீ எல்லாம் என் செலவு. அவருடைய டயாலிசிஸும்தான். அந்த மைக்கிலேயே என் பெயரைச் சொல்லித் திட்டுவார். இறங்கி வந்து, "இன்னா அண்ணாச்சி, உன் காசுல உன்னியே கீய்க்கிறேன், காதுல வுழுந்துச்சா?" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி தேசம்மா எப்போதும் கூடவே இருப்பாள். ஒரு சின்ன பாட்டிலில் அளந்து தண்ணீர் வைத்துக்கொண்டு, மூடியில் ஊற்றித்தான் அவருக்குக் கொடுப்பாள். முதல் நாளே என்னிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, வெயில்ல பாவமேன்னு யாரும் இளநி கிளநி குட்த்துடப் போறாங்கோ. கிட்னி பூட்ச்சே, அது இவருக்கு வெசம். டாக்டரு கண்டிசனா சொல்லிக்கீறாரு." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்தும்கொண்டேன், கடைசி வாரம் வரை.

கடைசி வாரம் அவர் எங்கள் பின்தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்த தெரு அது. குழந்தையை இழந்த அந்தப் பெண் அவரைத் திட்டவில்லை, ஆரத்தியும் எடுக்கவில்லை. காலித் தொட்டிலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். மறுநாள் டயாலிசிஸ் முடிந்து என் காரில் வரும்போது தண்டையார்பேட்டை தாண்டியதும் சொன்னார்.

"அண்ணாச்சி, கடைசி நாள் தேரடி கூட்டத்துல வக்கீலம்மா ஷெர்லினுக்குப் போடுங்கன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கலாம்னு கீறேன். நான் எப்டியும் ஜெயிக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணு மூஞ்சி தூங்க வுடமாட்டேங்குது. உன் துட்ட எப்டித் திருப்பித் தர்றதுன்னுதான் தெர்ல."

"திருப்பிக் கேட்டேனா? உம்ம மனசு சொல்லுறதச் செய்யும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் டிரைவர் பீம்ராவ் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்சி வேட்பாளர் இறந்தால் தேர்தலைத் தள்ளிவைப்பார்கள். சுயேச்சை இறந்தால் தள்ளிவைப்பதில்லை. பெயரும் சின்னமும் மெஷினில் அப்படியே இருக்கும். இது நீங்கள் படித்த சட்டம். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று சட்டத்தில் இல்லாதது. ஓட்டுக் கேட்டு வருகிறவன், வாசலில் நிற்கிறவர்கள் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மோர் என்றால் மோர், கூழ் என்றால் கூழ். மறுத்தால், எங்கள் வீட்டில் வாய் நனைக்க மாட்டாயா என்று தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீங்களும் அந்த வெயிலில் எவ்வளவு குடித்திருப்பீர்கள்.

கடைசி நாள் காலையில் அவருக்கு டயாலிசிஸ் முறை. ஒரு நாள் தள்ளிப் போடலாம், பேசி முடித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்றேன். சரி என்றார். பெண்கள் ஓட்டுக்கு ஆள் வேண்டும் என்று தேசம்மாவை எர்ணாவூருக்கு அனுப்பினேன். பாட்டிலை என்னிடம் கொடுத்து, "மூடில ஊத்திக் குடுங்கோ, ரெண்டு மூடிக்கி மேல வேணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேன் போன ஒவ்வொரு தெருமுனையிலும் என் ஆட்கள் சீவிய இளநீரோடு நின்றார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. வேட்பாளருக்கு மரியாதை செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

தாகத்தைக் கட்டிப்போட்டே வாழ்ந்த மனுஷன். முதல் தெருவில் ஒரு மடக்கு குடித்தார். பிறகு முழுசாகக் குடித்தார். தேரடிக்கு முந்தின திருப்பத்தில் கை மரத்துப்போகிறது என்று வேனில் உட்கார்ந்தார். மேடைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் உயிரோடு போய்ச் சேரவில்லை.

பிரசாரம் ஓய்ந்த பிறகு மைக் கூடாது, கூட்டம் கூடாது. சாவு ஊர்வலத்தை யார் தடுப்பார்கள்? எந்தெந்தத் தெரு வழியாகப் போவது என்று நான்தான் சொன்னேன். கானா பாடுகிறவர்களை நான்தான் கூப்பிட்டேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் சின்னத்தைப் போடவில்லை, முகம் மட்டும்தான். மறுநாள் ஜனங்கள் அந்த முகத்துக்குப் போட்டார்கள். உங்களுக்கு எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஊர்வலத்தில் தேசம்மா, "நான் பக்கத்துல இல்லாமப் பூட்டேனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அவள்மேல்தான் அவளுக்குக் கோபம். சுடலைராஜ் என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அவரு இளநி குடிக்கும்போது நீங்க அங்க இருந்தீங்களாப்பா?"

இல்லை என்றேன்.

அவன் பீம்ராவிடம் கேட்டிருக்கிறான். ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போய், டிரம் கசிந்தது தன் குற்றம் என்று சரணடைந்துவிட்டான். ஜாமீன் வேண்டாம் என்கிறான், வக்கீல் வேண்டாம் என்கிறான். என்னைப் பார்க்கவும் வர மறுக்கிறான். நீங்கள் கேட்டால் பேசுவான். அந்தத் தெருவுக்காக நின்றவர் நீங்கள். அதனால்தான் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்னை எடுத்துக்கொண்டு அவனை வெளியில் கொண்டுவாருங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது.

கடைசித் தெருவில் அவர் வேண்டாம் என்றார். தலை சுற்றுகிறது, தேசம்மா திட்டுவாள் என்றார். என் ஆள் தயங்கினான். நான் காரிலிருந்து இறங்கிப் போய் அதை வாங்கி என் கையால் நீட்டினேன். அவர் இளநீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நீயே குடுக்கிறியா, அண்ணாச்சி?" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு காலிக் காயை என்னிடமே கொடுத்தார். அவராக விரும்பித்தான் குடித்தார், வக்கீலம்மா. நான் வற்புறுத்தவில்லை.

நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள். வழக்குச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடுத்த தடவையும் நீங்கள் நிற்க வேண்டும். ஜெயிப்பது கஷ்டம்தான், ஆனாலும் நில்லுங்கள். வேன், மைக் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.