லேட்டாக வந்தவன்

இரவு மணி பத்து இருபது. ஏரிக்கரைச் சாலை. விளக்கு இல்லை, எதிரே ஒரு வண்டி இல்லை... நம் நண்பனின் அக்கா புருஷன், அதாவது அவன் மச்சான், பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறான். ஏன் அவ்வளவு அவசரம்? சொல்கிறேன், கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

நேரலை வீடியோவை ஓடவைக்கும் மென்பொருள் எழுதுவது மச்சானின் வேலை. கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு படத்திலும் 'என்னை இந்த விநாடியில் காட்டு' என்று ஒரு நேரம் ஒட்டியிருக்கும். லேட்டாக வந்த படத்தைக் காட்டக் கூடாது, 'டிராப்' பண்ணிவிட வேண்டும், அதாவது தூக்கி எறிந்துவிட வேண்டும். அந்த விதியை எழுதியவனே அவன்தான். சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு ஹாலில் ஒரு கேமராவும், அதன் பார்வையில் ஒரு சுவர்க் கடிகாரமும் வைத்திருந்தான். ஆபீஸ் திரையில் அந்தக் கடிகாரம் எவ்வளவு பின்தங்குகிறதோ, அதுதான் தாமதம்.

அன்று ஆபீசில் தனியாக உட்கார்ந்து தாமதத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். இரண்டு விநாடி... அரை... பூஜ்யம். ஆசை விடவில்லை, பூஜ்யத்துக்கும் கீழே இன்னும் கொஞ்சம் குறைத்தான். திரையில் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. அவன் கையில் மணி பத்து பத்து.

குடைச்சலின் வேலை என்றுதான் நினைத்தான். குடைச்சல் என்றால் பக்கத்து சீட்டுக்காரன், பாஸ்வேர்டு தெரிந்தவன், வம்புக்கு அலைபவன். மனைவிக்கு போன் போட்டான்.

"ஹால் கடிகாரத்த யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரு தொடப்போறா? பத்து பத்துதான் காட்டுது. கிளம்பிட்டீங்களா?"

போனை வைத்தான். திரையில் கதவு திறந்தது. ஓர் ஆள் உள்ளே வந்தான், முதுகு மட்டும் தெரிந்தது. மனைவி சிரித்துக்கொண்டே துண்டை நீட்டினாள். மச்சானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடைச்சல் வேறு அன்று சீக்கிரம் கிளம்பியிருந்தான்... இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்?

அந்த ஆள் திரும்பினான். மச்சானேதான். அதே கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் அதே டீக் கறை. மழையே இல்லாத இரவில் தலை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஓடிப்போய் பைக்கை எடுத்தான். ஏரிக்கரை வழியே எப்படிப் பறந்தாலும் வீடு சேர ஐம்பது நிமிடம். வழியெல்லாம் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு வீட்டு வாசலில் நின்றான். கதவிடுக்கில் ஏரிச் சேற்றின் நாற்றம். மூச்சு வாங்க வாயைத் திறந்தான்... உள்ளேயிருந்து அவனுடைய குரலே கேட்டது.

"கண்ணு, நான்தான். பயப்படாத."

அவன் சொல்ல வந்ததும் அதுதான். நாக்கு நிற்கவில்லை. "கண்ணு, நான்தான். பயப்படாத."

"அவன் நான் இல்ல. நம்பாத," என்றது உள்ளே.

"அவன் நான் இல்ல. நம்பாத," என்றான் இவன்.

தாழ்ப்பாள் போடும் சத்தம். பிறகு அவள் குரல், நடுங்கிக்கொண்டு. "யாருய்யா நீ? என் வீட்டுக்காரர் சொல்றதையே திருப்பிச் சொல்லிக்கிட்டு நிக்கிற?"

அவன் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. சோதனை ஓடும்போது அவன் மென்பொருள் தானாக அனுப்பும் தகவல்தான். 'தாமதம் இருபத்தைந்து நிமிடம். டிராப்.'

தெருமுனையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, இதையெல்லாம் நம் நண்பனுக்கு போனில் சொன்னான். அதன்பின் நண்பன் எத்தனை முறை போட்டும் அந்த எண் அடிக்கவே இல்லை.

விடிந்ததும் நண்பன் அக்கா வீட்டுக்கு ஓடினான். மணியை அழுத்தக் கையைத் தூக்கினான். அதற்குள் கதவு திறந்தது. துண்டால் தலையைத் துவட்டியபடி மச்சான் நின்றான்.

"நான் உனக்கு போன் பண்ணவே இல்லையேப்பா," என்றான்.

நண்பன் அதுவரை எதையும் கேட்டிருக்கவே இல்லை.