மூன்று தேர்தலாகக் கட்டும் சுவர்

"எங்க ஊரு கபர்ஸ்தானுக்கு மூணு எலக்சனா சுவரு கட்டிக்கினு இருக்காங்கக்கா, நோட்டீஸ்லயே!"

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் பேருந்து. என் முன் இருக்கையில் முக்காடு போட்ட இரண்டு பெண்கள். இப்படிச் சொன்ன இளையவளின் மடியில் இரண்டு கட்சிகளின் தேர்தல் நோட்டீஸ்கள்.

"இந்தத் தடவ இன்னா போட்டிருக்காங்க?" என்றாள் மூத்தவள்.

"இவங்க நம்ம பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல்னு போட்டிருக்காங்க. அவங்க படிப்புக்கு உதவித்தொகை ஜாஸ்தி பண்றாங்களாம். சுவரு மட்டும் ரெண்டுலயும் இருக்குது."

"உங்க ஊர்லதான் சுவரு வந்துருச்சே?"

"அது நாங்க கட்னதுக்கா. சோறாக்கும்போதெல்லாம் வூட்டுக்கு வூடு ஒரு புடி அரிசி எடுத்து வெச்சோம். அத்த வித்துக் கட்னோம். மய்யித்த அடக்கம் பண்ற எடம்னு பொம்பளைங்க நாங்க உள்ளகூட போறதில்ல. ஆனா சுவரு எங்களுது."

"பரவால்லடி!"

"நேத்து ரெண்டு கட்சிக்காரங்களும் பெயிண்ட் டப்பாவோட வந்துட்டாங்க. சுவரு சும்மாதான இருக்குது, சின்னம் வரையறோம்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தாராளமா வரைங்க, ஆனா மொதல்ல 'இது பொம்பளைங்க புடி அரிசியில கட்டினது'ன்னு பெருசா எழுதுங்கன்னேன். டப்பாவ மூடிக்கினு போய்ட்டாங்க."