காலர் ஒன்றுக்கு முப்பத்தெட்டு செகண்டு

— முப்பத்தெட்டு செகண்டு! ஒரு காலர் தைக்க உனக்கு முப்பத்தெட்டே செகண்டு! எனக்கு ஒரு டீ போட்டுத் தர அரை மணி நேரம் ஆகுது.

— டீயையும் காலரையும் ஏங்க முடிச்சுப் போடுறீங்க? கொஞ்சம் நகருங்க, மடிச்ச துணி மேல உக்காந்திருக்கீங்க.

— பேச்சை மாத்தாத. மத்த நேரத்துல உனக்கு அம்பத்தஞ்சு ஆகும். கம்பெனி போர்டுலயே போட்டிருக்கு. அந்த ஸ்டாப்வாட்ச்காரன் பின்னாடி வந்து நின்னா மட்டும் முப்பத்தெட்டு. இதுக்கு என்ன அர்த்தம்?

— நேரம் பாக்குறதுதான் அவரு வேலை. யாரு எவ்வளவு நேரத்துல தைக்கிறாங்கன்னு எழுதிட்டுப் போறாரு. என் மூஞ்சியைக்கூட நிமிர்ந்து பாத்ததில்ல. அவரு பாக்குறது என் கையைத்தான்.

— ஓஹோ! கையை மட்டும் ரசிக்கிறாரோ?

— ஐயோ கடவுளே! அதே கம்பெனியில மெஷின் ரிப்பேர் பாக்குற ஆளுக்கு இவ்வளவு கற்பனை எதுக்குங்க?

— கற்பனையா? இந்தா, நோட்டு. தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். ஆறு தடவை வந்திருக்கான். ஆறு தடவையும் உன் கை பறக்குது. நாலாந்தேதி நீயா சிரிச்சுக்கிட்ட. ஒம்பதாந்தேதி முடியை ஒதுக்கி விட்டுக்கிட்ட. சும்மா சொல்லல, கண்ணால பாத்தேன்.

— ஏங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?

— நான் உன் பக்கமே வரலயே! துணிக்கட்டு அடுக்கியிருக்குல்ல, அதுக்குப் பின்னாடி நின்னேன். எதுலயும் தலையிடல. உள்ளதை உள்ளபடி பாத்தேன், எழுதினேன். கேமரா மாதிரி.

— கேமராவுக்கு வயிறு எரியாதுங்க.

— எரியுதுதான்! இப்ப என்னங்கிற? நல்லா எரியுது! அவன் வந்து போறதை உங்க தையல் லைன்ல யாரும் பேசலையா?

— பேசுறாங்க. அவரு எழுதுன முப்பத்தெட்டை வெச்சு மேனேஜர் எல்லாருக்கும் டார்கெட்டை ஏத்திட்டாரு. பக்கத்து மெஷின் அக்கா என்கூடப் பேசியே ஒரு வாரம் ஆச்சு.

— பாத்தியா? அந்த அக்காவுக்கே புரிஞ்சிருக்கு.

— அவங்களுக்குப் புரிஞ்சது அவங்க தோள்பட்டை வலி.

— பதினொரு வருஷமா என்கூடக் குடும்பம் நடத்துற. எனக்காக என்னிக்காவது உன் கை அப்படி ஓடியிருக்கா? போதும்டி. இந்தா, ராஜினாமா லெட்டர். நானே எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போடு.

— பதினாலு வருஷம் பாத்த வேலைங்க. உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இருந்து பாக்குறது.

— இருக்கட்டும். அவன் நிக்கிற எடத்துல நீ உக்காரக் கூடாது.

— சரி. போடுறேன். ஆனா உங்க நோட்டு தப்பு. அவரு வந்தது ஆறு தடவை இல்ல, ஒம்பது.

— ஒம்பதா! என்கிட்டயே மறைச்சியா?

— போன மாசம் உங்களை மூணு நாள் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பினாங்கல்ல? அந்த மூணு நாளும் வந்தாரு.

— நான் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கான்! எத்தனை செகண்டு? சொல்லு. முப்பதா? இருபத்தஞ்சா?

— அம்பத்தஞ்சு. மூணு நாளும் அம்பத்தஞ்சு. ஏம்மா, உடம்பு சரியில்லையான்னு அவரே கேட்டாரு.

— உடம்பை வேற விசாரிக்கிறானா, அவனை... இரு. அம்பத்தஞ்சா?

— ஆமா.

— அவன் பின்னாடி நிக்கும்போதா?

— பின்னாடியேதான் நின்னாரு.

— அப்ப அந்த ஆறு நாளு மட்டும் ஏன் அப்படி?

— எனக்கு எதிர்ல சூப்பர்வைசர் ரூம் கண்ணாடி இருக்குங்க. துணிக்கட்டு, அதுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு, எல்லாம் அதுல தெரியும். இத்தனை வருஷம் கழிச்சு, கையில இருக்குற வேலையைப் போட்டுட்டு, எம்புருஷன் என்னைப் பாக்க வந்து நிக்கிறாருன்னு நினைச்சிட்டேன்.