எங்கட தேன்

பாரிஸ் தேனில் லேசாகப் புதினா வாசம் இருக்கும். நம்பாதவர்களுக்கு ஒரு கரண்டி கொடுத்துத்தான் நம்ப வைத்திருக்கிறேன். எங்கள் லா ஷப்பேல் பகுதியில் எங்கே பூ என்று சிரிப்பார்கள். ரயில் பாதையோரத்துப் புதர், கால்வாய்க்கரை, பள்ளிக்கூட முற்றத்து மரங்கள் எல்லாம் தேனீக்குத் தெரியும். போத்தலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை இங்கே கொண்டுவர விடுவார்களோ தெரியாது.

துஷாந்தி பிள்ளை, நான் சொல்வதை நீங்கள் பொலிஸ் அதிகாரியின் காதோடு பிரெஞ்சில் சொல்கிறீர்கள். அதைப் பார்க்க எனக்கு லூசியன் அண்ணையின் நினைவு வருகிறது. அவர் எனக்குப் பிரெஞ்சைத் தமிழில் சொல்வார். பக்கத்துப் பூங்காவில் செசில் என்ற பெண் தேனீ வளர்ப்பு வகுப்பு நடத்தினாள். சும்மா வேலி ஓரமாக நின்று பார்த்த என்னை, "உள்ள வாப்பா, நான் சொல்றேன்" என்று கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர்தான். புதுச்சேரியில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனோடு இங்கே வந்து, தபால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். மனைவி உயிரோடு இல்லை. செசில் சொன்னதில் பாதி எனக்கு விளங்கும். விளங்காதவன் போலவே இருந்தேன். என் காதுக்குப் பக்கத்தில் ஒருவர் தமிழ் பேசிக் கனகாலம்.

எனக்குக் குடும்பம் இல்லையா என்று கேட்டீர்கள். புறநகரில், செவ்ரானில், தமையன் இருக்கிறார். போனால் அவருடைய பிள்ளைகள் பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். எனக்கு ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடையில் வேலை. கடையில் நாள் முழுக்க ஆட்கள் பேசுவார்கள். கத்தரிக்காயைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வகுப்பு முடிந்த வசந்தத்தில் எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்தோம். அவர் வீடு இரண்டாம் மாடி, என் அறை கூரைக்குக் கீழே. தேனீயோடு பழகுவது பெரிய வித்தை இல்லை. வெள்ளை உடுப்புப் போட வேண்டும், வாசலை மறித்து நிற்கக் கூடாது, மூடியைத் திறக்க முன்பு புகை காட்ட வேண்டும். கை பதறக் கூடாது. முதல் வருடம் நாங்கள் செய்யாத பிழை இல்லை. ராணி இருந்த தேனடைச் சட்டத்தை வெளியே வைத்துவிட்டு, ராணியைக் காணோம் என்று பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடியிருக்கிறோம். அவர் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

ஒருநாள் கடையில் வாழைக்குலை இறக்கிவிட்டுக் கைகூடக் கழுவாமல் மேலே போனேன். கை முழுக்கக் கொட்டு. செசிலிடம் கேட்டோம். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழம் போல ஒரு வாசம் கிளம்புமாம். மற்றத் தேனீக்களுக்கு அது சண்டைக்கு அழைப்பு. வாழைப்பழ வாசத்தோடு போகிறவனை அவை எதிரி என்றே எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து அண்ணை என்னை மோந்து பார்த்துத்தான் ஏணியில் ஏற விடுவார்.

"என்னப்பா ஞானம், இன்னிக்கு வாழைப்பழமா, வெங்காயமா?"

"வெங்காயம் அண்ணை."

"அப்ப ஏறு."

போன வருடக் கோடையில் அவரை ஒரே ஒரு தேனீதான் கொட்டியது. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ் வந்தது. இனிப் பெட்டிப் பக்கமே போகாதீர்கள் என்றார் வைத்தியர். அவர் கேட்கிற ஆளா. முகவலை போட்டுக்கொண்டு தள்ளி நாற்காலியில் இருப்பார், நான் சட்டங்களைத் தூக்கிக் காட்டுவேன். கொட்டினால் உடனே போடச் சொல்லி வைத்தியர் கொடுத்த மருந்தூசியை, பேனா மாதிரி இருக்கும், என்னிடம் தந்துவிட்டார். அவருக்கு மறதி அதிகம்.

"தொடையில குத்தணும், அவ்வளவுதான். என் உசுரு உன் பாக்கெட்டுல இருக்குது, பாத்துக்க."

அன்று அந்தப் பேனா எங்கே இருந்தது என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒழுங்காகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

ஆவணியில் அவருடைய மகள் எமிலி நாந்த் நகரத்திலிருந்து வந்து போனாள். அடுத்த ஞாயிறு அவர் கோப்பி ஊற்றியபடியே சொன்னார்.

"எமிலி கூப்பிடறா. தோட்டம் பெரிசு. குளிருக்கு முன்ன பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். நீயும் ஒரு தடவ வந்து பாரேன்."

"ஓம் அண்ணை, வாறன்" என்றேன்.

ஒரு தடவை. கோபம் என்று எழுதாதீர்கள், அவர்மீது எனக்குக் கோபம் வந்ததே இல்லை. நான் யோசித்தது ஒன்றுதான். குளிர் தொடங்கிவிட்டால் பெட்டியை அசைக்கக் கூடாது. உள்ளே தேனீக்கள் ராணியைச் சுற்றித் திரண்டு சூடு காக்கும். குலுக்கினால் திரள் கலைந்து விறைத்துச் சாகும். பயணம் கொஞ்சம் தள்ளிப்போனால் பெட்டி வசந்தம்வரை இங்கேதான். பெட்டி இருந்தால் அவரும் இருப்பார். அவருக்குக் கொஞ்சம் உடம்புக்கு முடியாமல் போனால் போதும். கஞ்சி வைத்துக் கொடுக்கவும் மாடி ஏறி இறங்கவும் நான் இருந்தேன். நான் ஆசைப்பட்டது ஒரேயொரு குளிர்காலத்துக்கு. அது பேராசையா என்று அதிகாரியிடம் கேளுங்கள்.

அவர் புறப்பட இருந்த கிழமைக்கு முந்திய ஞாயிறு நான் பஞ்சாமிர்தம் செய்தேன். கடையில் நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து எடுத்தேன். சர்க்கரை, பேரீச்சம்பழம், நெய், அதோடு எங்கள் தேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகே மேலே கொண்டுபோனேன். படைக்காமல் ஒருவருக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மேகமூட்டமாக இருந்தது. அப்படியான நாளில் தேனீக்களுக்குச் சிடுசிடுப்பு அதிகம். புகை போடாமல் மூடியைத் திறந்தேன். அண்ணை பார்க்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை ராணியைப் பார்க்க வேண்டும் என்று வழமையைவிடக் கிட்ட வந்திருந்தார். கிண்ணத்தை நீட்டினேன்.

"என்னப்பா இது, ஜாம் மாதிரி?"

"கோயில் பிரசாதம் மாதிரி அண்ணை. சாப்பிடுங்கோ."

"இதுல என்னா போட்டிருக்க?"

"தேன் அண்ணை. எங்கட தேன்."

பொய் சொல்லவில்லை. வேறு தமிழர் யாராக இருந்தாலும் வாசத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். அவருக்கு நெய் வாசமும் தேன் வாசமும்தான் தெரிந்திருக்க வேண்டும். முகவலையைத் தூக்கிவிட்டு விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். மீசையில் ஒட்டியிருந்தது. "பிரமாதம்பா, எமிலிக்கும் கொஞ்சம் கட்டிக் குடு" என்றார். முதல் தேனீ அப்போது வந்தது.

எத்தனை கொட்டியது என்று எனக்குத் தெரியாது. அவரைப் பெட்டிப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் புகைபோக்கிச் சுவருக்குப் பின்னால் கிடத்தினேன். என் முகத்திலும் கொட்டியது, அந்த வீக்கத்தை உங்கள் ஆட்கள் படம் எடுத்தார்கள். பேனா கீழே அவர் வீட்டில் இருந்தது, தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை என்று அன்று சொன்னேன். ஆம்புலன்சுக்குப் பிந்திப் பேசியதற்கு என் பிரெஞ்சைக் காரணம் காட்டினேன். எல்லோரும் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து எமிலி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா தனியாகப் போகவில்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், அது போதும் என்றாள். பெட்டியை வசந்தம்வரை என்னிடமே விட்டாள். குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் மேலே போய்ப் பலகையில் காது வைத்துக் கேட்பேன். உள்ளே மெல்லிய இரைச்சல், அவ்வளவு பேர் சேர்ந்து இருக்கிற சத்தம். நாற்காலியை நான் மடிக்கவில்லை. பங்குனியில் அவள் வேன் கொண்டுவந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனாள். அதன்பிறகு வந்த ஞாயிறுகள் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை, நானே இங்கே வந்து நிற்பதற்கு அதுதான் காரணம். அதிகாரி கேட்கிறார், நான் சொல்கிறேன், பிள்ளை, நீங்கள் அதைக் காதோடு சொல்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

இனிப் பேனா. சுவரோரம் கிடந்தபோது அண்ணைக்குப் பேச்சு வரவில்லை. கண் என் சட்டைப்பையைப் பார்த்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் சிரமப்பட்டு, "ஞானம்... போகாத" என்றார். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அப்படி ஒரு சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் போகவில்லை. அவருடைய கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த பிறகும் பிடித்தபடியே இருந்தேன். கொலை என்று நீங்கள் எழுதினால் கையெழுத்து வைக்கிறேன், ஆனால் நான் அவரைக் கைவிடவில்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எடுப்பதென்றால் அவர் கையை விட வேண்டியிருந்தது.