கட்டிப் பார்த்த மூவர்

எனக்கு ஆட்கள் கூடினால் பிடிக்கும். கல்யாண வீடோ, எங்கள் ஒக்கலிபுரம் டீக்கடையோ, நாலு பேர் நின்றால் ஐந்தாவதாக நானும் போய்ப் பேச ஆரம்பித்துவிடுவேன். கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்பதும் உண்மை. எங்கள் தெருவில் தூறல் விழுந்தால், எலெக்ட்ரானிக் சிட்டியில் படகு விட்டுவிட்டார்கள் என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கூட்ட ஆசைதான் என்னை இணையத்தில் 'திறந்த பலகை' என்ற தளத்தைத் தொடங்க வைத்தது. மின்னணுச் சுற்றுகளை வரைகிறவர்கள் படத்தை அங்கே போடலாம். யார் வேண்டுமானாலும் அதை எடுத்து வீட்டிலேயே போர்டாகக் கட்டிக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. ஒரே ஒரு விதி வைத்தேன். அதில் எனக்குப் பெருமை அதிகம். மூன்று உறுப்பினர்கள் கட்டிப் பார்த்து, 'கட்டினேன், வேலை செய்கிறது' என்று எழுதினால்தான் ஒரு படத்துக்குப் பச்சைக் குறி.

ஈ காக்கைகூட வரவில்லை. காலியான ஓட்டலுக்குள் யாரும் நுழையமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே தளத்தில் மூன்று கற்பனை உறுப்பினர்களை நானே உண்டாக்கினேன். பிரிஸில்லாவுக்குப் பொம்மனஹள்ளியில் மாடித் தோட்டம், வாய் ஓயாத ஒரு கிளி, வாய் திறக்காத ஒரு கணவர். தியோடருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஃபிராங்க்ளின் கப்பலில் மின்பொறியாளராக இருந்து உலகத்தைச் சுற்றியவர். புயலில் எஞ்சின் அறையில் நின்று ஈயம் உருக்கி சால்டரிங் செய்தவர். ஃபிராங்க்ளினை எழுதும்போது என் முதுகே நிமிர்ந்துகொள்ளும்.

என் மனைவி காந்தா ஒரு நாள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பந்தி போட்டு, நீங்களே பரிமாறி, எல்லா எலையிலயும் நீங்களே குந்திச் சாப்புடுறீங்களா?"

"ஆளு வர்ற வரைக்கும்தான்" என்றேன்.

ஆட்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கில் என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களில் ஒருவர் லாயிட். காக்ஸ் டவுனில் பழைய வீடு, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் சால்டரிங். அவருக்கு வேண்டியது என் படம். போனிலிருந்து கீசரைப் போட்டு நிறுத்தும் போர்டு அது. தண்ணீர் சூடானதைச் சொல்ல, வெந்நீர்க் குழாயின் மேல் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அவர் மனைவி நோராவுக்கு முட்டிவலி. காலையில் படுக்கையிலிருந்தே நோரா கீசரைப் போட வேண்டும் என்பது லாயிட்டின் ஆசை.

அந்தப் போர்டை நான் கட்டியதில்லை. வரைந்ததோடு சரி. கட்டியவர்கள் மூவர், பச்சைக் குறியும் விழுந்துவிட்டது.

லாயிட் தளத்தில் ஒரு கேள்வி கேட்டார். கரெண்ட் போகிற கோடும் சென்சார் கோடும் நகக்கண் அகலத்துக்குத்தான் தள்ளியிருக்கின்றன, குளியலறை ஈரத்துக்குப் போதுமா என்று. நல்ல கேள்வி. படத்தில் தவறு இருப்பதை நான் என் பேரில் ஏற்றிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஃபிராங்க்ளின் பதில் எழுதினார்: "என் வீட்டுக் குளியலறையில் இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, பிரதர். கடல் காற்றையே தாங்குகிறது. பயப்படாமல் கட்டுங்கள்."

லாயிட் நன்றி சொன்னார். வீட்டில் போர்டு செய்ய, படத்தைப் பளபளப்பான தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டின் மேல் வைத்து, சூடாக இஸ்திரி போட வேண்டும். மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும்; தாளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். மை படிந்த இடத்துச் செம்பு மட்டும் கோடுகளாக மிஞ்சும், மற்றதை அமிலம் அரித்துவிடும். அன்று லாயிட் எழுதியிருந்தார்: "நோரா கேக்குறா, இஸ்திரிப் பெட்டி எனக்கா, திறந்த பலகைக்கான்னு." எல்லோரும் சிரித்தோம். பிரிஸில்லாவின் கிளிகூடச் சிரித்தது.

ஈரம் கோட்டைத் தாண்டியது. கரெண்ட் சென்சார் வழியாகக் குழாய்க்கு வந்தது. பழைய வீடு, எர்த் பேருக்குத்தான் இருந்தது. நோரா குழாயைத் திறந்தார்.

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு லாயிட் அந்தப் போர்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே கறுப்பாகக் கருகியிருந்தது.

"குணா சார், படத்துல கேப் இவ்ளோதான் இருந்ததா? இல்ல நான் இஸ்திரியை அழுத்தித் தேச்சதுல மை பரவிடுச்சா? எனக்கு இப்போ எதுவும் நெனைவுல நிக்கல. பாத்துச் சொல்லுங்க சார்."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துச் சொல்றேன் லாயிட்" என்றேன்.

பார்த்தேன். இரண்டு கோடுகளையும் நன்றாகத் தள்ளி வைத்தேன். பழைய படத்தைச் சுவடு இல்லாமல் அழித்தேன். தளத்தை நடத்துகிறவன் என்பதால் அது என்னால் முடிந்தது. லாயிட்டின் தாளோ தண்ணீரில் என்றைக்கோ கரைந்துவிட்டது. பிறகு அவரைக் கூப்பிட்டு, இடைவெளி போதுமான அளவு இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்றேன். திருத்திய படத்தால் இனி யாருக்கும் ஆபத்தில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லாயிட் பார்த்தார். மறுநாள் தளத்தில் எழுதினார்: "படத்தில் தவறில்லை. இஸ்திரி போட்ட கை என்னுடையது. யாரும் என்னைப் போல் அழுத்தித் தேய்க்காதீர்கள்." புதியவர்களுக்குப் பயன்படுமே என்று அதைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வைத்தேன். "இதைச் சொல்லத் தைரியம் வேண்டும், பிரதர்" என்று ஃபிராங்க்ளின் எழுதினார். அன்று என் முதுகு நிமிரவில்லை.

அதன் பிறகு லாயிட் இஸ்திரிப் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஞாயிறு ஆராதனைக்குக் கசங்கிய சட்டையோடு போகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் டீக்கடைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். காந்தா கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "ஃபிராங்க்ளின் அண்ணன் அட்ரஸ் குடுங்க சார். அவ்ளோ தெளிவாச் சொன்னாரு. நான் ஒழுங்காக் கட்டாம அவர் சொன்ன வார்த்தையையும் கெடுத்துட்டேன். நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும்."

அவர் போன பின் காந்தா கதவைச் சாத்தினாள். "அந்த ஆளு தன் பொண்டாட்டியத் தானே கொன்னுட்டேன்னு நெனச்சிட்டுத் திரியிறாரு. சொல்லிடுங்க. உங்க வாயால சொல்லிடுங்க."

அவள் சொன்னது சரி. இத்தனை பேருக்கு நடுவில் லாயிட் ஒருவர் மட்டும் அதைச் சுமப்பது நியாயமில்லை. வெட்கத்தில் நான் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதைக்கூட நிறுத்திவிட்டேன், அது உங்களுக்குத் தெரிய வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். இன்று தளத்தில் போட்டுவிடுவேன்:

'லாயிட், உங்கள் கையில் தவறில்லை. கோடுகள் நெருக்கமாகத்தான் இருந்தன. அந்தப் போர்டை நான் கட்டவே இல்லை. கட்டியதாகப் பொய் சொன்னேன். நோரா இறந்த பிறகு படத்தை மாற்றியதும் நான்தான்.'

கீழே போட்ட பெயர், ஃபிராங்க்ளின்.

என் பேரைப் போட்டால் கூட்டம் கலைந்துவிடும். அத்தனை நல்லவர்கள் எங்கே போவார்கள்? ஃபிராங்க்ளின் இன்றோடு விலகிக்கொள்வார், நானே நீக்கிவிடுவேன். லாயிட் பெரிய மனசுக்காரர், ஒரு நாள் ஃபிராங்க்ளினை மன்னித்தாலும் மன்னிப்பார்.

நான் மன்னிப்பதாக இல்லை.