மாட்டுப் பொங்கல் மத்தியானம்

பொங்கல் லீவில் திருப்பூரைப் பார்க்க வேண்டும் ஐயா. வருசம் முழுக்க லாரியும் பைக்குமாக நெரிகிற ரோட்டில் அந்த நாலைந்து நாள் நாய்கள் நடுவிலேயே படுத்திருக்கும். டீக்கடை, மெஸ், புரோட்டாக் கடை எல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். போகிக்கு முந்தின நாளே மதுரை பஸ், திருநெல்வேலி பஸ் என்று தொற்றி ஏறி அவரவர் ஊருக்குப் போய்விடுவோம். இருபத்தாறு வருசத்தில் இந்தப் பொங்கலுக்குத்தான் நான் போகவில்லை.

பேப்பரும் பேனாவும் கொடுத்து, உன் கையாலேயே எழுது என்றீர்கள். மெதுவாகத்தான் வரும். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் பழகினேன். பழக்கினவள் என் அக்கா மகள் நாகஜோதி. நான் கட்டிங் மேசையில் துணி விரிக்கிறவன், அவள் அதே பனியன் கம்பெனியில் செக்கிங். சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவாள். "மாமா, நீங்க எழுதுறதப் பாத்தா கோழி நடந்த மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள்.

பேசி முடித்த கூலி உயர்வை அப்புசாமி முதலாளி கொடுக்கவில்லை. நாற்பத்தாறு பேர் கேட்டில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள், சரக்கு ஏற்றிய வேன் கூட்டத்துக்குள் வந்தது. பின்னால் எடுத்தபோது நாகஜோதி டயருக்கு அடியில் கிடந்தாள். பின்னால் ஆள் நின்றது தெரியாது என்றான் டிரைவர். விபத்து என்று எழுதி முடித்தார்கள். அப்போது நீங்கள் இந்த ஸ்டேஷனில் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை.

முதலாளி கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் போனபோது எழுந்து நின்று கும்பிட்டார்.

"மனசே கேக்கலீங்க காசிமாயன். ஆனா நீங்க நாப்பத்தஞ்சு பேரும் இனி வர வேண்டாமுங்க. வேற ஆளுப் போட்டாச்சுங்க. பாத்துப் போங்க சாமி."

அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. போட்ட ஆட்கள் வடக்கே இருந்து வந்தவர்கள். அவர்களைத் துணி குடோனுக்கு மேலே மாடி ரூமில் தங்க வைத்தார்.

குடோனை எரிக்கிற யோசனை ஆரோக்கியராஜுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். அவன் டெய்லர், சாத்தான்குளத்துக்காரன், எங்களுக்காக முதலில் எழுந்து பேசியவன். ஆனால் அவன் முழுதாகச் சொன்னதை நீங்கள் எழுதவில்லை.

"துணி எரிஞ்சா ஷிப்மெண்ட் போவாது, வெளிநாட்டு பையர் கேள்வி கேப்பான். ஆனா ஒரு உசுரு போவக்கூடாது அண்ணாச்சி" என்றான்.

"நம்ம புள்ளய ஏத்திக் கொன்னுட்டு ஏசியில உக்காந்திருக்கான். அவனுக உசுரு மட்டும் வெல்லக்கட்டியாய்யா?"

"எல்லா உசுரும் ஒண்ணுதான். துணி போனா மிஷின்ல வேற துணி ஓட்டிக்கிடலாம். ஆள எரிச்சிட்டு என்ன செய்விய அண்ணாச்சி? ஆள் நின்னது தெரியாதுன்னு அந்த வேன்காரன் சொன்னாம்லா, நாமளும் அதையே சொல்லிட்டு நிக்கணுமா?"

"நீ சாமியாருக்குப் படிக்கப் போயிருக்கணும்."

"போயிருப்பேன். அங்க சோறு கம்மின்னு சொன்னாவ, வந்துட்டேன்."

நான் சிரித்தேன். அவன் நிபந்தனைக்கும் தலையாட்டினேன். மாட்டுப் பொங்கலன்று பட்டப்பகலில், ஊரே காலியாகக் கிடக்கும்போது செய்வது. வாட்ச்மேன் நல்லான் மூலனூருக்குப் போய்விடுவார். இருந்தாலும் காலையில் நான் ஒருமுறை மாடியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு ஆள் இருந்தாலும் விட்டுவிடுவது.

பொங்கல் லீவில் கம்பெனியில் ஆள் இருக்காது. திருப்பூரில் இதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, தானாக வாயில் வரும். பொங்கல் யாருக்குப் பண்டிகை இல்லையோ, யாருக்கு ஊர் போய்ச் சேரவே மூன்று நாள் ரயிலோ, அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள் என்பது ஆரோக்கியராஜுக்குத் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் தப்பாக நினைத்துவிட்டோம் என்று உங்கள் பேப்பரில் இருக்கிறது. அதில் ஒருவன் பெயரை அடித்துவிடுங்கள்.

பதினோரு மணிக்குப் போனேன். பின்பக்கம் இரும்புப் படி. படிக்கு அடியில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை மாடி உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஏறினேன். கதவு திறந்திருந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். அவள் தட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூத்தவன் நான் வேலை கேட்டு வந்ததாக நினைத்திருக்க வேண்டும்.

"லீவு சாச்சா. ஓனர் இல்லே. மண்டே வா" என்றான். பிறகு, "பைட்டோ, பைட்டோ" என்று தரையில் இடம் காட்டினான்.

உட்கார்ந்தேன். டீ கொடுத்தான். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல். முழுதும் குடித்தேன். டம்ளரைக் கழுவப் போனபோது அந்தப் பெண் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இறங்கி வந்து மூட்டைகளை ஒருமுறை பார்த்தேன். மாடிக்கு வேறு வழி இல்லை. ரோட்டுக்கு வந்து ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன்.

"பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"மேல?"

"யாரும் இல்ல."

"நல்லாப் பாத்தியளா?"

"உள்ள போயே பாத்தேன்யா."

இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அவன் தீப்பெட்டியைத் தொட்டிருக்க மாட்டான். லீவு முடிந்தால் கம்பெனி மறுபடி ஓடும். நாகஜோதி செத்த இடத்தில் லாரி நிற்கும். புகை வந்தால் எழுந்து இறங்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீ முதலில் பிடிக்கப் போவதே அந்தப் படியில்தான் என்பதும் தெரிந்திருந்தது. நியாயம் நம் பக்கம் என்ற நினைப்பு குளிர்காலத்துக் கம்பளி மாதிரி ஐயா. போர்த்திக்கொண்டால் வெளியே நடப்பது எதுவும் உறைக்காது.

அவர்களும் வயிற்றுக்காக வந்தவர்கள் என்று ஆரோக்கியராஜ் அடிக்கடி சொல்வான். எங்களைவிடக் குறைந்த கூலிக்கு நின்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன.

இரண்டரை மணிக்கு அவன் தீ வைத்தான். நான் ரோட்டு முனையில் ஆள் வருகிறதா என்று பார்த்து நின்றேன். பனியன் வேஸ்ட் சத்தமில்லாமல் எரியும். முதலில் கேட்டது அந்தப் பெண்ணின் குரல். ஆரோக்கியராஜ் திரும்பி ஓடினான். பழுக்கக் காய்ந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஏறப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் கம்பியிலேயே தங்கிவிட்டது. நான் ரோட்டு முனையை விட்டு நகரவில்லை. அது என் பொறுப்பு என்று நின்றேன்.

இப்போது அவன் இரண்டு கையிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "காசி அண்ணாச்சிக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா சொல்லாம இருக்க மாட்டாரு." அந்தக் கைகளால் இனி மிஷின் ஓட்ட முடியாது. அவன் கேட்டான், நான்தான் மறைத்தேன். அவனைக் கொலைகாரன் என்று எழுதாதீர்கள். மூன்று பேரையும் கொன்றது நான். தெரிந்தே கொன்றேன். ஆரோக்கியராஜுக்குச் செய்த துரோகத்துக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

செத்தவர்களின் பெயரையும் எழுதச் சொன்னீர்கள். நீங்கள் இரண்டு தடவை சொல்லியும் மனதில் நிற்கவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் அந்தப் பொய்யைச் சொல்லும்போது உன் குரல் நடுங்கவில்லையா என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. மாடியில் யாரும் இல்லை என்று சொன்னபோது, நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.