கத்தாத பிரேக்

கீழப்பழுவூரில் பஸ் ஏறிய இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"பிரேக்குக்குத் தேங்காயெண்ணெ போட்டேன் மச்சான்," என்றார் இளையவர்.

"எதுக்கு மாப்ள?"

"சிமெண்டு லாரித் தூசி. கார் பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. வூட்லயே சக்கரத்தப் புடிக்கிற காலிப்பரக் கழட்டித் தொடச்சு, அதுல இருக்குற பிரேக் கட்டைக்கு எண்ணெ தடவுனேன். சத்தம் நின்னுருச்சு."

"எண்ணெ பட்டா பிரேக் புடிக்குமா? அந்த வண்டியவா என் தங்கச்சிகிட்ட குடுத்த? புளியமரத்துல மோதி, கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறா. 'எனக்குத்தான் ஓட்டத் தெரியலண்ணே'ன்னு அழுவுறா. உண்மையச் சொல்லு அவகிட்ட."

"அப்படியே நெனச்சுக்கட்டுமே. இனிமே வண்டியத் தொட மாட்டால்ல."

மச்சான் எழுந்துவிட்டார். சீட்டுகள் காலியாக இருந்தும், அரியலூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.